ஆடாதோடை: வேலியோரச் செடியும் இருமல் மாத்திரையும்

ஆடாதோடை அகாந்தேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஆண்டு முழுவதும் பசுமை மாறாத புதர்ச்செடி. கனகாம்பரம், நிலவேம்பு, நீர்முள்ளி ஆகியவையும் இதே குடும்பத்தவைதான். பொதுவாக ஆள் உயரத்துக்கு வளரும். வெட்டாமல் விட்டுவிட்டால் சிறு மரமாகவே நின்றுவிடும். கணுக்கள் சற்றே பருத்திருக்கும். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமையும் இலைகள் மாவிலையை நினைவூட்டினாலும் அவற்றைவிட மென்மையானவை. 10 முதல் 20 செ.மீ. வரை நீண்டு இரு முனையிலும் கூராக முடிபவை. இலையைக் கசக்கினால் ஒருவிதப் பச்சை நெடி வரும். நாவில் வைத்தால் கசப்பு, அதுவும் நெடுநேரம் போகாத கசப்பு.

குளிர்காலம் தொடங்கி வேனிலின் முற்பகுதி வரை பூக்கும். பச்சைப் பூவடிச் செதில்கள் அடுக்கடுக்காக நெருங்கிய குட்டைக் கதிரில் வெள்ளைப் பூக்கள் சிலசிலவாக வெளிப்படும். ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு உதடுகள் உண்டு. மேலுதடு கவிந்து, இரண்டே இரண்டு மகரந்தத் தாள்களுக்குக் கூரையாக நிற்கும். கீழுதடு தேனீ வந்து இறங்குவதற்கான மேடை. அதில் ஓடும் இளஞ்சிவப்பு, ஊதா வரிகள் பூச்சிக்குத் தேனிருக்கும் திசையைக் காட்டுகின்றன. கனி கதை வடிவிலான சிறு வெடிகனி. உள்ளே நான்கு வரை விதைகள் இருக்கும். ஒவ்வொரு விதையின் அடியிலும் கெட்டியான கொக்கி ஒன்று உண்டு. கனி காய்ந்து வெடிக்கும்போது விதைகள் தெறித்துச் செல்ல இந்தக் கொக்கிதான் நெம்புகோல். அகாந்தேசியே குடும்பத்தின் பெரும்பாலான செடிகளுக்கு இது பொது அடையாளம். நாட்டுப்புறத்தில் யாரும் விதைக்காகக் காத்திருப்பதில்லை. முற்றிய குச்சியை வெட்டி மழைக்காலத்தில் ஊன்றினால் போதும், வேர் பிடித்துவிடும்.

எதைக் கண்டாலும் மேயும் ஆடு இதைத் தொடுவதில்லை என்பதால் ஆடுதொடா என்று பெயர் வந்ததாக வழங்கும் விளக்கம் அனைவரும் அறிந்ததே. செடியை வேலியோரத்தில் வளர்ப்பதற்கும் இதுவே காரணம்: கால்நடை கடிக்காத வேலி காலத்துக்கும் நிற்கும். இந்தப் பெயர் தாவரவியலிலும் ஏறிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய பவுல் ஹெர்மன் அங்கு செடிகளைத் திரட்டி உலர்த்தி வைத்தார். அந்தத் தொகுப்பை ஆராய்ந்துதான் லின்னேயஸ் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை 1747-இல் வெளியிட்டார். 1753-இல் அவர் இச்செடிக்கு இட்ட பெயர் ஜஸ்டிசியா அதடோடா. பின்னர் வந்தவர்கள் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து அதடோடா வாசிகா, அதடோடா சைலானிகா என்றெல்லாம் வழங்கினர். இன்றைய வகைப்பாடு மீண்டும் லின்னேயஸின் பெயருக்கே திரும்பியிருக்கிறது. மருந்துப் புட்டிகளில் மட்டும் பழைய பெயர்கள் விடாமல் தொடர்கின்றன. வடமொழியில் வாசா அல்லது வாசகம், இந்தியில் அடூசா, மலையாளத்தில் ஆடலோடகம்.

இந்தியா முழுவதும், இமயமலை அடிவாரம் தொடங்கிக் குமரி வரை, இது காணப்படுகிறது; இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், மியான்மர் நாடுகளிலும் உண்டு. கேரள வைத்தியர்கள் இதிலேயே பெரியது, சிறியது என்று இரண்டு பிரிப்பார்கள். சிற்றாடலோடகம் எனப்படும் சிறிய வகை தாவரவியல்படி வேறு இனம். ஜஸ்டிசியா பெட்டோமி என்று பெயர். கேரளத்து ஏட்டு வைத்திய மரபில் அதற்கே மதிப்பு அதிகம். தமிழ்நாட்டுக் கடைகளில் ஆடாதோடை என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பெரிய வகைதான்.

சித்த மருத்துவக் குணபாடம் ஆடாதோடையின் சுவையைக் கைப்பு என்றும் தன்மையை வெப்பம் என்றும் குறிக்கிறது; கோழையகற்றி, இசிவகற்றி, சிறுநீர்பெருக்கி என்று அதன் செய்கைகளைச் சொல்கிறது. இருமல், இரைப்பு, ஈளை, சயம், கோழையில் இரத்தம் காணுதல் ஆகியவற்றுக்கு இலை, வேர், பூ, பட்டை என எல்லா உறுப்பும் பயன்பட்டிருக்கின்றன. குரலைத் தெளிவாக்கும் என்ற நம்பிக்கையும் பழையதே. பாடுவோர் தேனில் குழைத்து உண்பதுண்டு. ஆயுர்வேதம் இதே செடியைக் குளிர்ந்த வீரியமுடையது என்கிறது. இருமலோடு இரத்தப் போக்கையும் நிறுத்தும் மருந்தாக, ரத்தபித்தம் எனும் நோய்த் தொகுதிக்கு முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. ஒரே இலையை ஒரு மரபு சூடு என்றும் மற்றொன்று குளிர்ச்சி என்றும் சொல்வது முரணாகத் தோன்றலாம். இரு மரபும் வீரியத்தைக் கணிக்கும் முறை வேறு வேறு; பயன்பாட்டுக்கு வரும்போது இரண்டும் ஒரே நோயாளியின் நெஞ்சுக்குத்தான் மருந்து தருகின்றன. மரபறிவை மதிப்பிடும்போது கொள்கையைவிடப் பயன்பாட்டில் காணும் ஒற்றுமை கூடுதல் எடை பெற வேண்டும்.

ஆடாதோடை இலையிலிருந்து சாறெடுப்பது எளிதன்று. துளசியையோ கற்பூரவல்லியையோ கசக்கிப் பிழிவதுபோல இதைப் பிழிந்தால் கையில் பசை ஒட்டுமே தவிரச் சாறு இறங்காது. அதனால் இலைகளைக் கழுவி, நடுநரம்பை நீக்கி, இட்லித் தட்டில் பரப்பி ஆவியில் வேகவைப்பார்கள். பச்சை நிறம் மங்கி இலை துவண்டதும் எடுத்து, சூடு ஆறுவதற்குள் துணியில் முடிந்து முறுக்கினால் கரும்பச்சைச் சாறு சொட்டும். ஆயுர்வேதத்தில் இதற்குப் புடபாகம் என்று தனி முறையே உண்டு: அரைத்த இலையை வாழையிலையில் பொதிந்து, மேலே மண் பூசி, நெருப்பில் வாட்டிப் பிழிவது. இந்தச் சாற்றைத் தேனில் குழைத்துச் சிறிதளவு கொடுப்பதே வீட்டு வைத்தியத்தின் அடிப்படை வடிவம். தேன் சேர்வதால் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு இதைக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் அவ்வயதுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்க வல்லவை.

கடைகளில் கிடைக்கும் வடிவங்களில் மணப்பாகு முதன்மையானது. இலைக் குடிநீரைத் தேனோ கற்கண்டோ சேர்த்துப் பாகு பதத்தில் இறக்குவார்கள். சென்னைத் திருவான்மியூரிலுள்ள இம்ப்காப்ஸ், தமிழ்நாடு அரசின் டாம்ப்கால் முதலிய நிறுவனங்களின் ஆடாதோடை மணப்பாகு சித்த மருத்துவமனைகளில் அன்றாடம் புழங்கும் மருந்து. உலர்ந்த இலையை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிச் சுக்கு, திப்பிலி, அதிமதுரத்தோடு இடித்துக் குடிநீராகக் காய்ச்சுவதும் உண்டு. ஆயுர்வேதத்தில் லேகியமாகவும் அரிஷ்டமாகவும் நெய்யாகவும் செய்யப்படுகிறது. நவீன மருந்துத் தொழிலும் தொடக்கத்திலேயே இதை எடுத்துக்கொண்டது. பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் வாசகப் பாகு தயாரித்து விற்றது; பிற்காலத்தில் நாடெங்கும் பரவிய கிளைக்கோடின் டெர்ப் வாசகா தன் பெயரிலேயே இச்செடியைச் சுமந்தது. உலர்ந்த இலையைச் சுருட்டாகச் சுருட்டி இரைப்பு நோயாளிகள் புகைத்த வழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டு நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. புகை எதுவானாலும் நோயுற்ற நுரையீரலுக்குக் கேடுதான் என்பதால் அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதே.

மருந்துக்கு வெளியிலும் இந்த இலைக்கு வேலை இருந்தது. உழவர்கள் இதைத் தழையுரமாக நெல்வயலில் மிதித்தார்கள். பழங்களைக் கூடைகளில் அடுக்கும்போது பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்க இந்த இலைகளை இடையிடையே வைத்தார்கள். இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுத்தார்கள். அசாமில் இதன் பூவைச் சமைத்து உண்கிறார்கள். கசப்பை ரசிக்கத் தெரிந்த சமையல் அது. பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஒவ்வாத இலை என்றால் அதில் உயிரியல் வினை புரியும் பொருள் ஏதோ இருக்கிறது என்றுதானே பொருள்? வேதியியலாளர்களின் கவனம் இதன்மீது திரும்பியதும் ஏறக்குறைய இந்த வழியில்தான்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலகிரியில் சிங்கோனாத் தோட்டங்கள் செழித்திருந்தன. மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைச் சிங்கோனாப் பட்டையிலிருந்து பிரித்து அளவிடுவதற்காகச் சென்னை மாகாண அரசு உதகமண்டலத்தில் ஒரு வேதியியலாளரை நியமித்திருந்தது. அப்பதவியிலிருந்த டேவிட் ஹூப்பர், பட்டையிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரிக்கும் கைப்பழக்கத்தோடு ஆடாதோடை இலையையும் ஆராய்ந்தார். 1888-இல் அதில் ஓர் ஆல்கலாய்டு இருப்பதைக் கண்டு வாசிசின் என்று பெயரிட்டார். டைமக், வார்டன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய 'ஃபார்மகோகிராஃபியா இண்டிகா' இந்திய மருந்துப் பொருள்களைப் பற்றிய அக்காலத்தின் மிகச் சிறந்த நூல். நாட்டு வைத்தியத்தை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்காமலும், சொன்னதையெல்லாம் நம்பாமலும், ஒவ்வொரு பொருளையும் கண்ணாடிக் குடுவையில் இட்டுப் பார்த்த தலைமுறை அது.

1920-களில் கல்கத்தாவில் மருந்தியலாளர் ஆர்.என். சோப்ராவும் அவருடைய குழுவினரும் இலையின் மருந்தியலை விலங்குகளிலும் நோயாளிகளிடமும் சோதித்தனர். வாசிசின் மூச்சுக்குழல்களைச் சிறிதளவு, ஆனால் நீடித்து, விரிக்கிறது என்று கண்டனர். 1930-களில் வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஷ்பேத் குழு, நடு ஆசியப் பாலைச் செடி ஒன்றில் கிடைத்த பெகனின் என்ற பொருளும் வாசிசினும் ஒன்றே என்று நிறுவியது. பென்சீன் வளையம், அதை ஒட்டி நைட்ரஜன் இரண்டு கொண்ட வளையம், அதற்கும் அப்பால் ஐந்து அணு வளையம் என மூன்று வளையங்கள் இணைந்த சிறிய மூலக்கூறு அது. 1959-இல் அமீன், மேத்தா என்ற ஆய்வாளர்கள் வாசிசினோன் எனும் மற்றொரு பொருளை 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். காற்றும் ஒளியும் படும்போது வாசிசின் ஆக்சிஜனேற்றமடைந்து வாசிசினோன் ஆகிறது. ஆகவே பச்சை இலையும், வெயிலில் காய்ந்த இலையும் வேதியியல் நோக்கில் ஒரே பொருள் ஆகா. இவ்விரண்டில் எது மூச்சுக்குழலை விரிக்கிறது, எது சுருக்குகிறது என்பதில் பிந்தைய ஆய்வுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. வெட்டியெடுத்த திசுவில் ஒரு விளைவும், உயிருள்ள விலங்கில் அதற்கு எதிரான விளைவும் பதிவாகியிருக்கின்றன. இரண்டும் சேரும்போது பலன் கூடுகிறது என்பதை மட்டும் பலர் கண்டிருக்கிறார்கள்.

இந்த மருந்து எங்கே வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, கோழை என்பது என்னவென்று பார்க்க வேண்டும். மூச்சுக்குழல்களின் உட்சுவரில் மெல்லிய மயிரிழைகள் நொடிக்கு 10 முதல் 20 முறை தொண்டையை நோக்கித் துடுப்புப் போல அசைகின்றன. அவற்றின் மேல் சளிப்படலம் ஒன்று மிதந்து செல்கிறது. அதில் பெரும்பங்கு நீர். மீதி மியூசின் என்னும் சர்க்கரைப் புரதம், உப்பு, நோய் எதிர்ப்புப் புரதங்கள். மூச்சோடு உள்ளே வரும் தூசியும் கிருமியும் இந்தப் படலத்தில் ஒட்டி மேலே ஏறித் தொண்டைக்கு வந்து, நாம் அறியாமலேயே விழுங்கப்படுகின்றன. தொற்று ஏற்பட்டால் சுரப்பிகள் மிகையாகச் சுரக்கின்றன. மியூசின் இழைகள் பின்னிக்கொண்டு படலம் இறுகுகிறது. மயிரிழைகளால் தள்ள முடியாமல் கோழை தேங்குகிறது. இருமல் என்பது அந்தத் தேக்கத்தை உடைக்க உடல் செய்யும் முயற்சி. ஆகவே கோழையகற்றியின் வேலை இருமலை அடக்குவதன்று. கோழையை நீர்க்கச் செய்து, இருமினால் வெளிவரும்படி ஆக்குவது. குணபாடம் ஆடாதோடைக்கு வைத்த பெயர் இந்த வேறுபாட்டைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஜெர்மனி வருகிறது. போரிங்கர் இங்கெல்ஹைம் குழுமத்தின் தோமே நிறுவனத்து வேதியியலாளர்கள் வாசிசினை முன்மாதிரியாக வைத்துப் புதிய மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். பென்சீன் வளையத்தையும் அதை ஒட்டிய அமினையும் வைத்துக்கொண்டு, மற்ற வளையங்களைத் திறந்து, இரண்டு புரோமின் அணுக்களைப் பொருத்தி அவர்கள் அடைந்த பொருள் புரோம்ஹெக்சின். 1963-இல் பிசோல்வான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. மியூசின் இழைகளைத் துண்டாக்கிக் கோழையை நீர்க்கச் செய்வதே அதன் சிறப்பு. உடலுக்குள் புரோம்ஹெக்சின் சிதைந்து உண்டாகும் பொருள்களுள் ஒன்று தாய்ப்பொருளைவிட நன்றாக வேலை செய்வது தெரியவர, அதைத் தனியே தயாரித்து 1970-களின் இறுதியில் அம்புராக்சால் என்று வெளியிட்டார்கள். இன்று மருந்துக்கடையில் சளி மருந்து என்று கேட்டால் நீட்டப்படும் சிரப்புகளில் பலவற்றின் லேபிளில் இவ்விரு பெயர்களுள் ஒன்று இருக்கும். அதைக் குடிப்பவர்களில் பெரும்பாலோர், கொல்லை வேலியில் நிற்கும் செடியின் வழித்தோன்றல்தான் அது என்று அறியார்.

அம்புராக்சாலின் கதை சளியோடு முடியவில்லை. நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பொருளின் சுரப்பை அது தூண்டுகிறது. நரம்புகளின் சோடியம் வாயில்களை அடைப்பதால் தொண்டை எரிச்சலையும் மரக்கச் செய்கிறது; ஐரோப்பாவில் தொண்டை வலிக்கான சப்பு மாத்திரையாக விற்கப்படுவது இதனால்தான். குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதியை நிலைப்படுத்தும் ஆற்றல் அதற்கு இருப்பது தெரிந்த பிறகு, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளிடம் அதைச் சோதித்து 2020-இல் முதல்கட்ட முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய அளவிலான அடுத்த கட்டச் சோதனையும் தொடர்கிறது. பக்கவிளைவே இல்லாத மருந்து என்றும் இதைச் சொல்ல முடியாது. ஐரோப்பிய மருந்து முகமை 2015-இல் அம்புராக்சால், புரோம்ஹெக்சின் இரண்டையும் மறுஆய்வு செய்து, அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் தோல் பாதிப்பும் ஏற்படலாம் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது.

மாத்திரை வெற்றி பெற்றதால் இலையும் நிரூபணமாகிவிட்டது என்று வாதிடுவோர் பலர். இந்த வாதம் பாதி தூரம்தான் போகும். புரோம்ஹெக்சின் இலையில் இல்லை. அது ஆய்வகத்தில் பிறந்த பொருள். தாய் மூலக்கூறு காட்டிய திசையில் சென்று கண்டெடுத்த வேறொரு மூலக்கூறு. இலைக்கென்று தனிச் சான்று வேண்டும். அப்படிப்பட்ட சான்று ஓரளவு இருக்கிறது. இலைச் சாரம் எரிச்சலூட்டும் பொருளால் தூண்டப்பட்ட இருமலைக் கினிப் பன்றிகளில் கோடீன் என்ற இருமல் மருந்துக்கு நிகராகக் குறைத்ததாக 1999-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2011-இல் இந்திய, ஸ்லோவாக்கிய ஆய்வாளர்கள் இணைந்து செய்த ஆய்வு மேலும் சுவையானது. இலையை நீரில் இட்டு எடுத்த பெருஞ்சர்க்கரைப் பொருளுக்கே, ஆல்கலாய்டின் துணையின்றி, இருமலைத் தணிக்கும் ஆற்றல் இருப்பதை அவர்கள் கண்டார்கள். நூறாண்டுகளுக்கு மேலாக வாசிசினையே துரத்திக்கொண்டிருந்த ஆய்வுலகம் குடிநீரில் இறங்கும் வழவழப்பைக் கவனிக்கவில்லை. நீரில் காய்ச்சிக் குடிக்கும் மரபுக்கு இதில் ஒரு நியாயம் கிடைக்கிறது.

மனிதரிடம் செய்யப்பட்ட கட்டுப்பாட்டுச் சோதனைகள் குறைவு. குறிப்பிடத்தக்கது 2015-இல் வெளியானது. ஆடாதோடையோடு, வட அமெரிக்கச் செவ்விந்தியர்களின் மூலிகையான எக்கினேசியா, சைபீரியச் செடியான எலூதரோகாக்கஸ் இரண்டும் கலந்த ஒரு சுவீடன் தயாரிப்பை, மேல்மூச்சுத் தொற்று இருந்த 177 பேரிடம் புரோம்ஹெக்சினோடும் வெற்று மருந்தோடும் ஒப்பிட்டார்கள். மருந்து பெற்ற இரு பிரிவினருக்கும் வெற்று மருந்து பெற்றவர்களைவிட இருமல் விரைவாகத் தணிந்தது. மூலிகைக் கலவை புரோம்ஹெக்சினைவிடச் சற்றே முந்தியது. பேத்தியோடு பாட்டியை ஓடவிட்ட பந்தயம் இது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் பாட்டி தனியாக ஓடவில்லை, கூட இருவர் கைகொடுத்தார்கள்; வெற்றியில் ஆடாதோடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை.

சயரோகத்துக்குத் தனிக் குறிப்பு தேவை. மரபு நூல்கள் ஆடாதோடையைச் சயத்துக்குச் சிறந்ததென்கின்றன. 1996-இல் கிரேஞ்ச், ஸ்னெல் என்ற ஆய்வாளர்கள் ஆய்வகக் கிண்ணத்தில் புரோம்ஹெக்சினும் அம்புராக்சாலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதைக் காட்டி, மரபின் கூற்றுக்கு இது விளக்கமாகலாம் என்று எழுதினார்கள். கிண்ணத்தில் கிருமி அடங்குவதும் நோயாளி குணமாவதும் வேறு வேறு. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் முதலிய கூட்டு மருந்துகளை மாதக்கணக்கில் முறைதவறாமல் உண்பது ஒன்றே காசநோயைக் குணப்படுத்துகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கும், கோழையில் இரத்தம் காண்பதற்கும் இன்று முதலில் செய்ய வேண்டியது சளிப் பரிசோதனை. அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் இலையை நம்பியவர்களுக்கு இந்த வசதி இல்லை.

நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் மூலிகை என்ற புகழ் ஆடாதோடைக்குப் புதியது. பழைய நூல்கள் அதை நெஞ்சு மருந்தாகத்தான் பேசின. கொரோனாக் காலம் இந்தப் புகழை ஊதிப் பெருக்கியது. சுக்கு, திப்பிலி, நிலவேம்பு, சீந்தில், கற்பூரவல்லி உள்ளிட்ட 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரில் ஆடாதோடை இலையும் ஒன்று. 2020 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ஆரோக்கியம்' திட்டத்தின் கீழ் அது பரவலாக வழங்கப்பட்டது. தெருமுனைகளில் அண்டா வைத்து ஊற்றினார்கள். அறிகுறியற்ற 60 கொரோனாத் தொற்றாளர்களிடம் சென்னையில் நடந்த சோதனையில், வைட்டமின் சி, துத்தநாகம் பெற்றவர்களைவிடக் கபசுரக் குடிநீர் பெற்றவர்களுக்கு வைரஸ் அளவு கூடுதலாகக் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. சிறிய சோதனை, யார் எதைக் குடித்தார் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த சோதனை. பெரிய முடிவுகளை அதன் மேல் ஏற்ற முடியாது.

டெல்லியிலுள்ள மரபணுத்தொகுதி, ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தின் ஆய்வு வேறொரு வழியைத் திறந்தது. ஆக்சிஜன் குறையும்போது செல்கள் தூண்டிவிடும் ஒரு புரதம் கடும் ஆஸ்துமாவில் அழற்சியை வளர்க்கிறது. ஆடாதோடைச் சாரம் அந்தப் புரதத்தை அடக்குவதை எலிகளில் கண்டு அந்நிறுவனத்தார் 2021-இல் வெளியிட்டனர். இங்கே கவனிக்க வேண்டியது, நிகழ்வது எதிர்ப்பாற்றலின் பெருக்கமன்று; மிகையாகக் கிளர்ந்த எதிர்வினையின் தணிவு. விளம்பரங்கள் சொல்வதற்கு ஏறக்குறைய எதிர்த்திசை. புரோம்ஹெக்சினும் இதே காலத்தில் சோதிக்கப்பட்டது. கொரோனா வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் நொதி ஒன்றை அது தடுக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் ஈரானின் தப்ரீசில் 78 நோயாளிகளிடம் நடந்த சோதனை நல்ல முடிவைத் தந்தது. தொடர்ந்து வந்த சோதனைகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை.

ஆடாதோடையின் தீங்கு பற்றிப் பேசும்போது கருப்பையை முதலில் சொல்ல வேண்டும். 1970-களில் ஜம்மு வட்டார ஆய்வுக்கூடத்தில் சி.கே. அடல் தலைமையில் நடந்த ஆய்வுகள், வாசிசின் கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்கிறது என்று காட்டின. பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் மருந்தாக அதை வளர்த்தெடுக்கலாம் என்றுகூட முயன்றார்கள். 1980-இல் அதைப் பற்றித் தனி நூலே வந்தது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கருவைக் கலைக்கப் பெண்கள் இந்த இலையைப் பயன்படுத்தியதும் பதிவாகியிருக்கிறது. எலிகளில் செய்த ஆய்வுகள் இவ்விஷயத்தில் ஒத்துப்போகவில்லை; சிலவற்றில் கரு கலைந்தது, சிலவற்றில் ஒன்றும் நேரவில்லை. சான்று கலவையாக இருந்தாலும் செய்ய வேண்டியது தெளிவு. கர்ப்பிணிகள் ஆடாதோடையை எவ்வடிவிலும் தவிர்க்க வேண்டும். இருமலுக்கு இயற்கை மருந்துதானே என்று மணப்பாகை எடுத்து நீட்டும் வீடுகளில் இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. மற்றபடி மரபு அளவில் உண்போருக்குப் பெரிய நச்சு விளைவு பதிவாகவில்லை. அளவு மிஞ்சினால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரும்.

நல்ல இலை கிடைப்பது தனிச் சிக்கல். உலர்ந்து நொறுங்கிய பிறகு எல்லா இலையும் ஒன்றுபோலத் தெரியும். பெருமரத்து இலையை ஆடாதோடையோடு கலப்பது மருந்துச் சரக்கு வணிகத்தில் பழைய வழக்கம். தீக்குச்சிக்கு மரம் தரும் அதே பெருமரம்தான். கண்ணால் கண்டுபிடிப்பது கடினம் என்றாலும் உருப்பெருக்கியின் கீழ் கலப்படம் வெளிப்பட்டுவிடும். ஆடாதோடையின் மேல்தோல் செல்களுக்கு அடியில் நீண்ட சுண்ணாம்புக் கட்டிகள் தெளிவாகக் கிடக்கும். துளி அமிலம் விட்டால் அவை நுரைத்துக் கரையும். இலைத்துளை ஒவ்வொன்றையும் இரண்டு துணைச்செல்கள் குறுக்காக அணைத்திருக்கும். பெருமரத்து இலையில் இந்தச் சுண்ணாம்புக் கட்டிகள் கிடையா.

கலப்படமில்லாத இலையிலும் சரக்கின் ஆற்றல் ஒரே சீராக இருப்பதில்லை. நிலம், பருவம், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கேற்ப ஆல்கலாய்டு கூடும், குறையும். வெயிலில் பரப்பிக் காய வைத்தால் வாசிசின் வாசிசினோனாக மாறும் என்பதால் நிழலில் உலர்த்துவதே முறை. பழைய வைத்தியர்கள் நிழலில் உலர்த்தச் சொன்னதும் இங்கே பொருந்தி வருகிறது. நாட்டு மருந்துக் கடைப் பொட்டலங்களில் பெரும்பாலானவை எந்த மாதத்தில் பறித்தது, எப்படி உலர்த்தியது, வாசிசின் எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்வதில்லை. எட்டு மில்லிகிராம் என்று அச்சிட்ட புரோம்ஹெக்சின் மாத்திரையில் எட்டு மில்லிகிராம் இருக்கும். ஒரு கைப்பிடி ஆடாதோடை இலையைக் காய்ச்சியெடுத்த குடிநீரில் என்ன இருக்கும் என்பது அந்தக் கைப்பிடியைப் பொறுத்தது.